1977-க்குப் பிறந்த 2001

ஜனவரி 17-ம் தேதிக்கு ஒரு கணித மேதையின் பிறந்தநாள் ஸ்டோரி வேண்டும் என்று டெஸ்க் குரூப்பில் மெசேஜ் வந்தபோது, நான் பழையசீவரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். பொங்கல் லீவு. 'ஊர்லதானே இருக்க, ஃப்ரீயா இருப்ப, நீயே எழுதிடு' என்று என் பெயரை டேக் செய்திருந்தார்கள். டிஜிட்டல் டெஸ்க்கில் லீவு என்பது வேறு ஊரில் இருந்து வேலை பார்ப்பது, அவ்வளவுதான்.

பிரச்னை அதுவல்ல. எனக்குக் கணக்கு வராது. தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ப்ளஸ் டூவில் கணக்கில் ஃபெயிலாகி, துணைத் தேர்வில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாஸானவள் நான். ராமானுஜன் கணக்கில் மட்டும் நின்றுவிட்டு மற்ற பாடங்களில் ஃபெயிலானார். நான் மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க் வாங்கி, கணக்கில் போனேன். அந்த 2018 மே மாதம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா ஒன்றும் திட்டவில்லை. ரிசல்ட் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று அவருக்கே நினைவிருக்காது. ஆனால், யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள், யாருக்கு எவ்வளவு சில்லறை பாக்கி என்பது இறங்கும் வரை நினைவில் இருக்கும். சின்ன வயதில் அவர்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ராத்திரி பத்து மணிக்கு வந்து, கால் கழுவி, சாப்பிட்டுவிட்டு உட்காருவார். எனக்குத் தூக்கம் வரும். அவருக்குக் கோபம் வரும். வாய்ப்பாட்டில் தடுக்கினால் முதுகில் ஒன்று விழும். ஏழாம் வாய்ப்பாடு என்றால் இன்னும் எனக்கு முதுகுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இந்தக் கதையில் வரும் மேதையும் ஒரு வாத்தியார்தான். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். 1905 ஜனவரி 17-ல் மகாராஷ்டிராவின் தஹானுவில் பிறந்தவர். அப்பா குமாஸ்தா, ஜோதிடத்தில் பித்துள்ளவர். ஜாதகம் கணிக்கக் கூட்டிக் கழித்ததில்தான் பையனுக்கு எண்கள்மீது ஆசை வந்தது என்கிறார்கள். (வாரம் தவறாமல் ராசிபலன் பக்கத்தை அப்லோடு செய்கிறவள் என்ற முறையில் இந்தத் தகவல் எனக்கு ஆறுதலாக இருந்தது.) புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தார். மேற்படிப்பு இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் இல்லை. நாசிக் பக்கம் தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளிக்கூட ஆசிரியர். வகுப்பு முடிந்த நேரத்தில் எண்களோடு விளையாடிக்கொண்டிருந்தார். எழுதியதில் பலவற்றைத் தானே சின்னச் சின்னப் புத்தகங்களாக அச்சடித்துக்கொண்டார். பெரிய கணிதக்காரர்கள் பலர் இதெல்லாம் ஒரு கணிதமா என்று ஒதுக்கினார்கள். 1975 மார்ச்சில் அமெரிக்காவில் மார்ட்டின் கார்ட்னர், 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தன் பத்தியில் இவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு எழுபது வயது.

அவர் பிடித்த எண்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம் உண்டு. ஓர் எண்ணைப் பற்றிய கேள்விக்கு அந்த எண்ணின் இலக்கங்களையே பதில் சொல்ல வைப்பது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். போன வருஷம் வாட்ஸ்அப்பில் சுற்றியதே, 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025, அதை 20, 25 என்று இரண்டாக வெட்டிக் கூட்டினால் மறுபடி 45 என்று? அது கப்ரேக்கர் எண்தான். அனுப்பியவர்கள் அவர் பெயரைப் போடவில்லை, அது வாட்ஸ்அப்பின் வழக்கம். 

இதையெல்லாம் போனில் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மாட்டுப் பொங்கல். எங்கள் ஊருக்கு அதுதான் பெரிய நாள். காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கு எங்கள் மலைக்கு வருவார். பாலாற்றைத் தாண்டி அக்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். மலையடிவாரம் முழுக்க வளையல் கடை, பொரி கடை, பலூன், ஊதல் சத்தம். அப்பா அன்று டியூட்டி முடிந்து வரவே ராத்திரி ஆகிவிட்டது. திருவிழாக் கூட்டத்தில் பஸ் திணறியிருக்கும். தோல்பையைக் கழற்றி மாட்டிவிட்டு, "இன்னா, லீவுலயும் போனா?" என்றார்.

"ஆபீஸ் வேலைப்பா. கணக்கு."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். என் வாயிலிருந்து அந்தச் சொல் அவர் முன்னால் விழுந்து எட்டு வருஷம் இருக்கும்.

என்ன சொல்வதென்று தெரியாமல், "ஏதாச்சும் நாலு இலக்க நம்பர் சொல்லுங்க. நாலும் ஒரே இலக்கமா இருக்கக் கூடாது" என்றேன்.

"1977" என்றார். அவர் பிறந்த வருஷம்.

இலக்கங்களைப் பெரியதிலிருந்து சின்னது வரை எழுத வேண்டும்: 9771. பிறகு சின்னதிலிருந்து பெரியது: 1779. கழித்தால் 7992. வந்த விடைக்கும் அதையே செய்ய வேண்டும். நான் கால்குலேட்டரைத் திறப்பதற்குள் அப்பா பழைய டிக்கெட் ஒன்றின் பின்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டார். 9972-லிருந்து 2799 போனால் 7173. அடுத்து 6354. அடுத்து 3087. அடுத்து 8352. அடுத்து 6174.

"இப்ப 6174-ஐப் பண்ணுங்க."

7641-லிருந்து 1467 போனால் 6174. அப்பா பேனாவை நிறுத்தினார். மறுபடி செய்தார். மறுபடி 6174. 

"நின்னுடுச்சே!"

"எந்த நம்பர்ல ஆரம்பிச்சாலும் ஏழு தடவைக்குள்ள இங்கதான்பா வந்து நிக்கும். கப்ரேக்கர் மாறிலினு பேரு. 1949-ல நம்ம மெட்ராஸ்ல நடந்த கணித மாநாட்டுலதான் இதை அவர் சொன்னாராம்."

அவர் என்னைக் கேட்காமலேயே அடுத்து 2001 எழுதினார். நான் பிறந்த வருஷம். 2100-லிருந்து 0012 போனால் 2088. 8820-லிருந்து 0288 போனால் 8532. அடுத்து 6174. "எனக்கு ஆறு ஸ்டாப்பு, உனக்கு மூணு ஸ்டாப்புதான்" என்று சிரித்தார்.

ஏன் 6174 மட்டும் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "எல்லா விடையும் ஒன்பதால வகுபடுது பாத்தியா?" என்று அவரே ஆரம்பித்தார். 7992, 7173, 6354, எல்லாவற்றின் இலக்கங்களையும் கூட்டிக் காட்டினார். ஆமாம், 27, 18, 18. எந்த எண்ணை எடுத்து அதன் இலக்கங்களை எப்படி இடம் மாற்றிப் போட்டாலும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். அதனால், முதல் கழித்தலிலேயே பத்தாயிரம் எண்கள் உள்ள மைதானம் சுருங்கிவிடுகிறது. பிறகு ஓடி ஒளிய இடம் குறைவு.

"இது எப்படிப்பா உங்களுக்குத் தெரியும்?"

"டிரிப் ஷீட்ல கலெக்‌ஷன் இடிக்கும்ல. ஷார்ட்டு எவ்ளோனு பாப்பேன். 27, 45, 63-னு ஒன்பதால வகுபடுற தொகையா இருந்தா, பணம் எங்கயும் போவல. 36-ஐ 63-னு இலக்கத்த மாத்தி எழுதிட்டிருக்கோம்னு அர்த்தம். ஷீட்டத் திருப்பிப் பாத்தா கெடைக்கும். 20, 50-னு கொறைஞ்சாதான் பயம். அது நெஜமாவே போன பணம்."

இருபது வருஷமாக ராத்திரி பதினொரு மணிக்குத் திண்ணை விளக்கில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வங்கிக் குமாஸ்தாக்களும் கணக்குப்பிள்ளைகளும் காலங்காலமாகப் பயன்படுத்துகிற உத்தி இது. நம் ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இந்த வேலைக்குத்தான் இருக்கிறது. முதல் பதினோரு இலக்கங்களை வைத்து 'வெர்ஹூஃப்' முறையில் கணக்கிட்டு வருவது அந்தப் பன்னிரண்டாவது இலக்கம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களைத் தெரியாமல் மாற்றி டைப் செய்துவிட்டால், எண் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆதார் என்றதும் உள்ளே கட்டிலில் படுத்திருந்த தாத்தா, "என் கார்டுல வருசம் தப்பு" என்று குரல் கொடுத்தார். அவர் எப்போது பிறந்தார் என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் பார்த்து 1956 என்று போட்டாராம். அதுவே நிலைத்துவிட்டது.

இப்போது நான் டெஸ்க்குக்கு எழுத வேண்டிய முக்கியமான விஷயத்துக்கு வந்தேன். கப்ரேக்கர் எண்களுக்கு வம்சாவளி எழுதியவர். ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்தால் அடுத்த எண் பிறக்கிறது. 21 என்றால் 2-ம் 1-ம் மூன்று; 24. இருபத்து நாலுக்கு 30. பிறகு 33, 39, 51, 57, 69, 84 என்று போய்க்கொண்டே இருக்கும். 21 தான் 24-ஐப் பெற்றது. கணிதத்தில் அதை 'ஜெனரேட்டர்' என்கிறார்கள். நான் அப்பாவிடம் 'அப்பன் எண்' என்றேன். அவருக்குச் சட்டென்று புரிந்தது. சில எண்களுக்கு இரண்டு அப்பன் உண்டு. 91-க்கும் 101-தான் பிள்ளை. 100-க்கும் 101-தான் பிள்ளை. சில எண்களுக்கு அப்பனே கிடையாது. எந்த எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் அது வராது. 1, 3, 5, 7, 9, 20, 31, 42, 53... இவற்றுக்கு கப்ரேக்கர் வைத்த பெயர் 'செல்ஃப் நம்பர்'. நம் நாட்டில் சுயம்பு எண் என்றும் சொல்கிறார்கள். சுயம்பு லிங்கம் மாதிரி. யாரும் செய்து வைக்கவில்லை, தானே முளைத்தது. 

"108?" என்றார் அம்மா, அடுப்படியிலிருந்து. போட்டுப் பார்த்தோம். 93-ல் ஆரம்பித்து ஒவ்வொன்றாக. 94-க்கு 107. 95-க்கு 109. 103-க்கு 107. 104-க்கு 109. நடுவில் 108-ஐ யாரும் தொடவே இல்லை. சுயம்புதான். அம்மா கையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இந்தச் சுயம்பு எண்களுக்கு முடிவே இல்லை, எண்ணிக்கொண்டே போகலாம்.

ஒரு விஷயம் இங்கே சொல்லிவிட வேண்டும். இது நியூமராலஜி இல்லை. பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்தால் கடன் தீரும் என்கிற சமாசாரம் இல்லை. எண்கள் நம்மைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தங்களைப் பற்றி மட்டும்தான் சொல்கின்றன. இதை எழுதிவைத்துக்கொண்டுதான் அடுத்து நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா டிக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார். நான் போனில் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பா, இங்க பாரு" என்றார்.

1977. ஒன்றும் ஒன்பதும் ஏழும் ஏழும் 24. இரண்டையும் கூட்டினால் 2001.

"உன்னப் பெத்தப்ப எனக்கு வயசு இருபத்தி நாலு" என்றார்.

நான் பேசாமல் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எண்ணுக்கு 2001 வருமா என்று அவர் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார். வராது. 2001-க்கு ஒரே ஒரு அப்பன்தான், 1977. 

"உங்கப்பனுக்கும் பாரு" என்றார் தாத்தா. 1956-ன் இலக்கங்கள் சேர்ந்தால் 21. கூட்டினால் 1977! தாத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப கார்டுல வருசம் கரெக்டுதான்" என்றார். அவர் தூங்கப் போன பிறகு 1956-ன் அப்பனையும் தேடினோம். 1941. அதற்கு மேலே போக முடியவில்லை. 1941 சுயம்பு. எங்கள் பரம்பரை அங்கே மண்ணிலிருந்து முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தம்பி 2004. அதற்கு இரண்டு அப்பன். ஒன்று 2001. அவன் சின்ன வயதில் என் இடுப்பில்தான் வளர்ந்தான் என்பதால் அது நியாயம்தான். இன்னொன்று 1983. எங்கள் வீட்டில் 1983-ல் யாரும் பிறக்கவில்லை. "கபில்தேவ் கப்பு ஜெயிச்ச வருசம்" என்றான் கிரிக்கெட் மட்டையைத் துடைத்துக்கொண்டே. அவனுக்கு அது போதும்.

மறுநாள் காணும் பொங்கல். அப்பா விடியற்காலையிலேயே போய்விட்டார். தாத்தாவுக்கு டீ கொடுக்கப் போனபோது, "உங்கப்பன் பத்தாவதுல கணக்குல தொண்ணூத்தி நாலு தெரியுமா?" என்றார். தெரியாது. "மேல படிக்கறேன்னு அழுதான். அந்த வருசம் ஏரியில தண்ணி இல்ல, வெளச்சல் இல்ல. நான்தான் கிளீனர் வேலைக்கு அனுப்பிவுட்டேன்." டீயை உறிஞ்சிவிட்டு, "நீ இன்ஜினீரிங் படிப்பனு நெனச்சிருந்தான்" என்றார்.

முதுகில் விழுந்த அடிகள் அதனால் சரியாகிவிடாது. அவரிடமும் அதை ஒருநாள் சொல்லவேண்டும் என்றுதான் இருக்கிறேன். ஆனால், நாலாக மடித்த அந்த ரிசல்ட் பேப்பரை இப்போது வேறு மாதிரி நினைத்துப் பார்க்க முடிகிறது.

ஸ்டோரியை எழுதி அனுப்பினேன். கப்ரேக்கருக்கு ரயில் நிலையத்தின் பெயரிலும் ஓர் எண் வகை உண்டு என்பதைச் சேர்த்திருந்தேன். டெம்லோ எண்கள். பம்பாய்க்கு வெளியே இன்றைக்கு டோம்பிவிலி என்கிற ஸ்டேஷனின் அன்றைய பெயர் அது. அங்கே அவருக்கு உதித்த யோசனை என்பதால் அந்தப் பெயரை வைத்தார். 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121, 111-ஐ 111-ஆல் பெருக்கினால் 12321 என்று ஏறி இறங்குமே, அவை அந்த வகையில் அழகானவை. இலக்கங்களின் கூட்டுத்தொகையாலேயே வகுபடும் எண்களுக்கு 'ஹர்ஷத்' என்று பெயரிட்டார். மகிழ்ச்சி தருவது என்று பொருள். ராமானுஜனின் 1729 கூட ஹர்ஷத்தான்: இலக்கங்கள் சேர்ந்தால் 19, பத்தொன்பதை 91-ஆல் பெருக்கினால் 1729. ஓய்வுபெற்ற பிறகு பென்ஷன் போதாமல் டியூஷன் எடுத்துப் பிழைத்த மனிதர், தன் எண்களுக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார். 1986-ல் இறந்தார். எங்கள் பழையசீவரத்துக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, செங்கல்பட்டு - அரக்கோணம் பாதையில். பெயர் வைக்க ஆள்தான் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எடிட்டிங்கில் போய்விட்டது. தலைப்பையும் மாற்றிவிட்டார்கள். வியூஸ் பரவாயில்லை, அதே நாள் போட்ட சனிப்பெயர்ச்சிக் கட்டுரையை நெருங்கவில்லை.

லீவு முடிந்து சென்னை திரும்பி நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் அப்பாவின் போன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். அடுத்த டிரிப்புக்குப் பத்து நிமிஷம் இருக்கிறதாம். அவராக என்னை டியூட்டி நேரத்தில் கூப்பிட்டதே இல்லை. பயந்துபோய், "என்னப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. எல்லா வருசத்துக்கும் போட்டுப் பாத்துட்டிருந்தேன். 2026-க்கு 2021. 2020-க்கு 2009. நடுவுல ஒண்ணு மட்டும் வரல."

"எது?"

"2022."

2022-ல்தான் நான் ஜர்னலிசம் டிப்ளமோ படிக்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தேன். டீச்சர் டிரெய்னிங் போ என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. ஃபீஸுக்கு அம்மாவின் தோட்டை அடகு வைத்தோம். அந்த வருஷம் முழுக்க அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா போனில் பேசும்போது பக்கத்தில் இருமுவார், அவ்வளவுதான்.

"அந்த வருசத்துக்கு அப்பன் இல்லமா" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. யாரோ "செங்கல்பட்டு, செங்கல்பட்டு" என்று கூவினார்கள்.

"தப்பா போட்டுட்டனோன்னு ரெண்டு தடவ பாத்தேன். கணக்கு சரியாத்தான் இருக்குது. சரி, வண்டி எடுக்குறாங்க. சாப்ட்டியா?"